வத்தல்மலை எந்தக் குறியெண்ணில் இருக்கிறது?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,56,300. 2011-இல் அது 15,06,843. இரண்டு அட்டவணைகளையும் மாவட்டப் பெயரை வைத்து இணைத்து, ஏற்ற இறக்கத்தை வரைபடத்தில் நிறமாகக் காட்டும்படி கணினியிடம் சொன்னால் தருமபுரி முழுவதும் கடுஞ்சிவப்பாகிவிடும். பத்தே ஆண்டில் ஏறக்குறைய பாதி மக்களை இழந்த மாவட்டம் அது என்று அர்த்தம். அந்தப் பத்தாண்டில் அங்கே பஞ்சமும் வரவில்லை, கொள்ளைநோயும் வரவில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரிவுக்குப் பிந்தைய எல்லைக்குள் மட்டும் எண்ணினால் 2001-இல் தருமபுரியில் இருந்தவர்கள் 12,95,182 பேர். பத்தாண்டு வளர்ச்சி 16.34 விழுக்காடு.

மாவட்ட அளவில் இப்படி நேர்ந்தால் பார்க்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கிராம அளவில் நேர்ந்தால் யாருக்கும் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரைபடங்களையும் எண்களையும் மனிதக் கை படாமல், நிரலே எடுத்து இடஞ்சார் தரவுத்தளத்தில் ஏற்றிவிட முடியுமா என்ற கேள்வியை ஆராயும்போது என் மனத்தில் முதலில் நிற்பது அந்தத் தெரியாமல் போகும் இடம்தான். தருமபுரி நகரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் வத்தல்மலையை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

இடஞ்சார் தரவுத்தளம் என்பது எண்ணையும் எழுத்தையும் போலவே ஓர் எல்லைக்கோட்டையும் ஒரு மதிப்பாகச் சேமித்துவைக்கத் தெரிந்த தரவுத்தளம். ‘இந்தச் சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் எத்தனை கிராமங்கள், அவற்றில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்’ என்று கேட்டால் நொடியில் சொல்லும். இதில் உலகெங்கும் அதிகம் புழங்குவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின்மேல் ஏறி உட்காரும் போஸ்ட்ஜிஐஎஸ். கனடாவின் ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் நிறுவனம் 2001-இல் அதை வெளியிட்டது. திறந்த மூலம், காசு கிடையாது. 2011-இல் இந்தியாவில் எண்ணப்பட்ட கிராமங்கள் 6.4 லட்சம். ஒவ்வொன்றின் எல்லையையும் அதற்குரிய அட்டவணை வரியோடு கையால் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே தானியக்கம் வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. அதை எப்படிச் செய்வது, செய்யும்போது எது கீழே விழுகிறது என்பவைதான் பேச வேண்டியவை.

இதை நன்றாகச் செய்த நாடு அமெரிக்கா. 1990 கணக்கெடுப்புக்காக அந்நாட்டுக் கணக்கெடுப்பு அலுவலகம் அந்நாட்டு நில அளவைத் துறையின் வரைபடங்களைக் கொண்டு ‘டைகர்’ என்ற எண்ணிமக் கோப்புத் தொகுதியை உருவாக்கியது. தெரு, ஆறு, ஊர் எல்லை, கணக்கெடுப்புத் தொகுதி எல்லாம் அதில் உண்டு. எவரும் இறக்கிக்கொள்ளலாம். போஸ்ட்ஜிஐஎஸ்ஸோடு வரும் ஒரு துணைத்தொகுப்பு இந்தக் கோப்புகளை ஏற்றுவதற்கென்றே எழுதப்பட்டது. அது செய்யும் முறை அழகானது. எந்த மாநிலம் வேண்டும் என்று ஒரு கட்டளையில் சொன்னால் அது தரவை நேரடியாக ஏற்றிவிடாது. ஏற்றுவதற்கான ஸ்கிரிப்டை எழுதித் தரும். அந்த ஸ்கிரிப்டை ஓட்டினால் மாநிலத்தின் ஜிப் கோப்புகள் இறங்கும், விரியும், எல்லை வடிவங்களைத் தாங்கிய ஷேப்ஃபைல்கள் முதலில் ஓர் இடைக்கூடத்தில் அட்டவணைகளாக வந்து நிற்கும். அங்கே பெயர்களும் குறியெண்களும் சரிசெய்யப்பட்டபின் மாநிலத்தின் நிலையான அட்டவணைக்கு மாறும். இடஞ்சார் தேடலுக்கான அட்டவணைக்குறிப்பும் அப்போதே உருவாகும். எந்தக் கோப்பை ஏற்றுவது, எதை விடுவது, எந்தப் பத்தியின் பெயரை மாற்றுவது என்ற முடிவுகள்கூட நிரலுக்குள் புதைந்து கிடக்காமல் தனி அட்டவணையில் திறந்து கிடக்கின்றன. அடுத்த ஆண்டுக் கோப்பு வந்தால் பெரும்பாலும் ஓரிரு மதிப்புகளை மாற்றினால் போதும்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் நிரலாளர்களின் திறமை மட்டும் இல்லை. எல்லையை வரைந்த அலுவலகமும் மக்களை எண்ணிய அலுவலகமும் அங்கே ஒன்றுதான். எல்லைக் கோப்பிலும் எண் அட்டவணையிலும் ஒரே குறியெண் இருக்கிறது. நமக்குக் கிடைக்காதது இதுதான்.

நம் கணக்கெடுப்புக்கு வரைபடம் புதிதன்று. அசோக் மித்ரா பதிவாளர் நாயகமாக இருந்த 1961 கணக்கெடுப்பிலேயே வரைபடங்களுக்கெனத் தனிப் பிரிவு அமைந்து, அட்லஸ்கள் வெளிவந்தன. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கணக்கெடுப்பாளர் தம் தொகுதியின் தெருக்களையும் வீடுகளையும் கையால் வரைந்து, வீட்டு எண்ணைச் சுவரில் எழுதிவிட்டுத்தான் உள்ளே கேள்வி கேட்கப் போவார். உலகில் இவ்வளவு பேர் சேர்ந்து வரையும் வரைபடம் வேறு இருக்கிறதா என்பது சந்தேகமே. ஆனால் 2011 கணக்கெடுப்பு பொதுமக்கள் கைக்கு வந்தபோது எண்கள் எக்செல் கோப்பாக வந்தன. எல்லைகள் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் பிடிஎஃப் பக்கங்களில் அச்சுப் படமாக வந்தன. எக்செல்லைக் கணினி படிக்கும். அச்சுப் படத்தில் இருக்கும் கோட்டை யாராவது உட்கார்ந்து மீண்டும் வரைய வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-களில் கிறிஸ்தோஃப் கில்மோத்தோவின் தலைமையில் தென்னிந்தியக் குழந்தைப் பிறப்பு வீதத்தை ஆராய்ந்தது. அதற்காகத் தென்மாநிலங்களின் 70,000-க்கும் மேற்பட்ட ஊர்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து, கணக்கெடுப்பு எண்களோடு சேர்த்தது. எல்லைக்கோட்டுக்காகக் காத்திருக்காமல் ஓர் ஊருக்கு ஒரு புள்ளி போதும் என்று எடுத்த முடிவு அந்தக் காலத்துக்கு மிகவும் துணிச்சலானது. அதனால்தான் வேலை முடிந்தது. பின்னர் 1991, 2001 கணக்கெடுப்புகளின் கிராம எல்லைகளைச் சமூகப் பொருளாதார எண்களோடு இணைத்த தொகுப்பை நாசாவின் தரவு மையம் ஒன்று வெளியிட்டது. சாம் ஆஷர், பால் நோவோசாத் ஆகியோரின் குழு ‘ஷ்ரக்’ என்ற தொகுப்பில் பிரிந்த கிராமங்களையும் இணைந்த கிராமங்களையும் காலம் கடந்து ஒப்பிடக்கூடிய ஒரே அலகாகத் திரட்டி, அந்த அலகுக்குத் தனிக் குறியெண் கொடுத்தது. தன்னார்வலர்களின் ‘டேட்டாமீட்’ குழு எல்லைக் கோப்புகளைத் தொகுத்துப் பொதுவில் வைத்தது. 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. இந்திய நில அளவைத் துறையும் நிர்வாக எல்லைகளை இறக்கிக்கொள்ளத் தருகிறது. ஆனால் ஓர் எல்லைக் கோப்பை எடுக்கும்போது அது எந்த நாளின் எல்லை என்று கேட்டுக்கொண்டுதான் கணக்கெடுப்பு எண்ணோடு சேர்க்க வேண்டும். இந்த முயற்சிகள் எல்லாமே மதிப்புக்குரியவை. ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டியதைப் பல கைகள் பல விதமாக மீட்டெடுத்தன என்பதும் உண்மை.

ஆகவே தருமபுரிக்கு ஒரு நிரல் எழுதுகிறவர் முதலில் சந்திப்பது குறியெண். 2011-இல் மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், மாவட்டத்துக்கு மூன்று, வட்டத்துக்கு ஐந்து, கிராமத்துக்கு ஆறு. தமிழ்நாடு 33. தருமபுரி 630, கிருஷ்ணகிரி 631. இதே தருமபுரி 2001-இல் மாநிலத்துக்குள் 05. பத்தாண்டு மாறும்போது குறியெண்ணின் அமைப்பே மாறிவிட்டதால் இரண்டுக்கும் நடுவே ஒரு பொருத்த அட்டவணையைத் தனியே கட்டாமல் எதையும் ஒப்பிட முடியாது. வட்டக் குறியெண்ணில் இன்னொரு வேடிக்கையான வலி உண்டு. நாடு முழுவதும் வட்டங்கள் ஆறாயிரத்துக்குள்தான். ஆனால் குறியெண்ணுக்கு ஐந்து இலக்கம். ஆகவே எல்லா வட்டக் குறியெண்களும் சுழியத்தில்தான் தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்சுழியத்தைத் தின்றுவிடும். எல்லைக் கோப்பில் சுழியம் இருக்கிறது, அட்டவணையில் இல்லை. இணைத்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது. குறியெண் எண் அல்ல, எழுத்துத் தொடர் என்று முதல் வரியிலேயே நிரலுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் வீணான மணிநேரங்களில் பெரும்பகுதி இந்தச் சுழியத்தில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

குறியெண் இல்லாத பழைய கோப்பு என்றால் பெயரைக்கொண்டு பொருத்த வேண்டும். தருமபுரியில் அது தனிப் பாடு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் நிலம் இது. ஊர்ப்பெயர்களில் பல ‘அள்ளி’யில் முடிகின்றன, அதே பெயரை இன்னொரு பதிவேடு ‘ஹள்ளி’ என்று எழுதும். ஆங்கில எழுத்தில் போகும்போது இரண்டும் மேலும் நான்காகும். மாவட்டமே தருமபுரி, தர்மபுரி என்று இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஷேப்ஃபைலின் பழைய அமைப்பு பத்திப் பெயருக்குப் பத்து எழுத்துக்கு மேல் இடம் தராது. உள்ளே தமிழ் எழுத்து இருந்தால் எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் துணைக்கோப்பு பல நேரம் உடன் வராது. எழுத்து ஒற்றுமையை அளந்து பெயர் பொருத்தும் கருவிகள் போஸ்ட்கிரெஸ்ஸில் உண்டு. அவை ‘பட்டி’, ‘அள்ளி’ போன்ற பொது ஈற்றுகளுக்கும் மதிப்பெண் போட்டு, தொடர்பில்லாத இரண்டு ஊர்களை உறவாக்கிவிடும். ஈற்றை வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும், அதுவும் ஒரே வட்டத்துக்குள் மட்டும் ஒப்பிட்டால் தவறு நன்றாகக் குறையும். கருவியை எழுதியவருக்கு இது தெரியாது. ஊரைத் தெரிந்தவருக்குத் தெரியும்.

அடுத்தது நிலத்தின் கணக்கு. உருண்டையான பூமியைத் தாளில் விரிக்க உலகை ஆறு ஆறு பாகையாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் 43-ஆம் மண்டலம் கிழக்கு 78 பாகையில் முடிந்து 44 தொடங்குகிறது. அந்தக் கோடு தருமபுரி மாவட்டத்தின் ஊடாகப் போகிறது. ஒகேனக்கலும் பென்னாகரமும் 43-இல். தருமபுரி நகரமும் வத்தல்மலையும் 44-இல். ஒரே மாவட்டத்துக்கான கோப்புகள் இரண்டு மண்டல ஆயங்களில் வந்து, நிரல் எல்லாவற்றுக்கும் ஒரே மண்டல எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? வத்தல்மலை ஆறு பாகை மேற்கே தள்ளி அரபிக்கடலில் போய் விழும். அல்லது பென்னாகரம் வங்கக்கடலில் மிதக்கும். தூரம் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய தவறு நல்லது, கண்ணில் பட்டுவிடும். சின்னத் தவறுதான் ஆபத்து. 1802-இல் பரங்கிமலையில் அளவையாளர் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த நில அளவையின் வழியில் வந்த பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் ஆயங்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல் இருப்பவை. மாற்றாமல் ஒன்றின்மேல் மற்றொன்றை வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். சமவெளியில் நூறு மீட்டர் என்பது பக்கத்து வயல். மலையில் அது வேறு சரிவு, சில இடங்களில் காப்புக்காட்டின் எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரு குடும்பம் காட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கேள்விக்கு நிரல் தவறான விடை சொல்லக்கூடிய தூரம் அது.

இனி வத்தல்மலைக்கே வருவோம். கீழிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரே மலை, ஒரே பெயர். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று தனித்தனிச் சிற்றூர்கள். மிளகும் காப்பியும் சாமையும் கேழ்வரகும் விளையும் நிலம். வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சிற்றூர்களுக்கு நடுவே நடக்க வேண்டிய தூரமும் சரிவும் உண்டு. பேருந்து மலையேறத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான்.

ஊரகத்தில் நம் கணக்கெடுப்பு எண்களை வெளியிடும் கடைசி அலகு வருவாய்க் கிராமம். 2011-இல் தமிழ்நாட்டில் அப்படி 15,979 கிராமங்கள். தமிழ்நாட்டு ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் ஊராட்சிகளுக்குள் இருக்கும் குக்கிராமங்கள் 79,000-க்கும் மேல். சராசரியாக ஒரு கிராமக் குறியெண்ணுக்குள் ஐந்து ஊர்கள். சமவெளியில் இந்த ஐந்தும் ஒரே தார்ச்சாலையில் அடுத்தடுத்து இருக்கலாம். கூட்டுத்தொகையைப் பார்த்து முடிவெடுத்தாலும் பெரிய கேடில்லை. மலையில் அப்படி இல்லை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் சாலையோரச் சிற்றூரும் சாலை எட்டாத சிற்றூரும் சேர்ந்து எண்ணப்பட்டால், கையேட்டில் ‘பள்ளி உண்டு, சாலை உண்டு’ என்ற ஒரே விடை இரண்டுக்கும் எழுதப்படுகிறது. காப்புக்காட்டு நிலம் பல இடங்களில் வருவாய்க் கிராம எல்லைக்கு வெளியே தனி வடிவமாகக் கிடக்கும். அதற்கு மக்கள்தொகை வரி இல்லாமலும் போகலாம். ஏற்றும் நிரல் எண் இல்லாத வடிவத்தையும், வடிவம் இல்லாத எண்ணையும் கண்டால் வழக்கமாக என்ன செய்கிறது? இணைப்புக் கட்டளையின் இயல்பு பொருந்தாதவற்றை ஓசையின்றி விட்டுவிடுவது. திரையில் பிழைச்செய்தி வராது. ‘ஏற்றம் முடிந்தது’ என்று வரும்.

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஓசையின்மையைத்தான். விடுபடுவது எங்கும் சமமாக விடுபடுவதில்லை. நகரமும் நெடுஞ்சாலையோரக் கிராமமும் எல்லாப் பதிவேட்டிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றன, அவை பொருந்திவிடும். மலையூர், காட்டோரம், பெயர் மாறிய ஊர், அண்மையில் பிரிந்த ஊர் என்று இவைதான் கீழே விழும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொருந்தியது என்று மகிழும் நிரலாளர், அந்த இரண்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

எல்லைக்கோடு எவ்வளவு தூரம் ஒரு மனிதரின் வாழ்வைத் தொடும் என்பதற்கு மலையாளிப் பழங்குடியினரைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பட்டியல் பழங்குடியினர் ஆணையில் அவர்கள் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பழங்குடியினர். ஈரோட்டுப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்ற பெயரில் இன்று மாவட்டமே இல்லை. ஆகவே பழங்குடியினர் எண்ணிக்கையை இன்றைய மாவட்ட வரைபடத்தில் ஏற்றுகிறவர் ஆணையின் பழைய எல்லையையும் ஓர் அடுக்காக வைத்துக்கொண்டால்தான், ஒரு மலையில் எண் சுழியமாக இருப்பதற்கு ஆள் இல்லை என்பது காரணமா, ஆணை இல்லை என்பது காரணமா என்று சொல்ல முடியும். கூடவே ஒரு சிறு எச்சரிக்கை: ‘மலையாளி’ என்ற சொல்லை வைத்துத் தேடிச் சேர்க்கும் நிரல், மலையாளம் பேசுவோரையும் தமிழ் பேசும் இந்த மலைமக்களையும் ஒன்றாக்கிவிடும். பழங்குடி அட்டவணையும் மொழி அட்டவணையும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும்போது இது நடக்கக்கூடும்.

அப்படியானால் நல்ல ஏற்றம் எப்படி இருக்க வேண்டும்? டைகர் முறையின் இடைக்கூடம் இங்கே இன்னும் அவசியம். வந்த கோப்பை வந்தபடியே முதலில் அங்கே வைக்க வேண்டும், ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல். பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் அதே விளைவு வரும்படி, பாதியில் நின்றால் எதுவும் ஏறாதபடி முழு ஏற்றத்தையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்ட வேண்டும். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் எல்லைக்கோடுகளைப் போஸ்ட்ஜிஐஎஸ் ஒரு கட்டளையில் செப்பனிடும். செப்பனிட்டதில் பரப்பு எவ்வளவு மாறியது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். நம் நாட்டுக்கென ஒரு சோதனை கையிலேயே இருக்கிறது. மாவட்டக் கையேடு ஒவ்வொரு கிராமத்துக்கும் பரப்பை ஹெக்டேரில் தருகிறது. ஏற்றிய வடிவத்தின் பரப்பை அதோடு ஒப்பிட்டால் தவறான கிராமத்தின்மேல் ஒட்டிய எண்கள் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எளிமையான, செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியாகும் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

ஒவ்வொரு எல்லைக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஐந்து வட்டங்கள். பிறகு காரிமங்கலமும் நல்லம்பள்ளியும் சேர்ந்து ஏழாகின. மாநிலத்தில் 32 மாவட்டங்கள் 38 ஆகின. பழைய எல்லையை அழித்துப் புதியதை எழுதும் தரவுத்தளம் தன் நினைவைத் தானே அழிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொருந்தாதவற்றுக்கு ஓர் அட்டவணை வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எந்த ஊர், எந்தக் கோப்பில் இருந்தது, ஏன் பொருந்தவில்லை, யார் பார்த்துத் தீர்த்தார் என்பவை இருக்க வேண்டும். அந்த அட்டவணையைத் தீர்ப்பது கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சி எழுத்தரிடமோ ஒரு தொலைபேசி அழைப்பு. நிரல் அந்த அழைப்பின் தேவையைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

இலங்கையில் கிராம அலுவலர் பிரிவுகள் பதினான்காயிரம் அளவில் உண்டு. அவற்றின் எல்லைக் கோப்புகள் ஐ.நா. மனிதநேயத் தரவுத்தளத்தில் குறியெண்ணோடு கிடைக்கின்றன. வெள்ளமோ நிலச்சரிவோ வரும்போது மீட்புப் பணியினர் பாதிக்கப்பட்ட பிரிவில் எத்தனை பேர் என்பதை உடனே எடுத்துவிட முடிகிறது. பிரேசிலிலும் கணக்கெடுப்புத் தொகுதி வரை எல்லை திறந்திருக்கிறது. எல்லையையும் எண்ணையும் ஒரே குறியெண்ணோடு சேர்த்துத் தாருங்கள் என்று நாம் கேட்பது நடக்க முடியாத ஒன்றல்ல.

16 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கிறது. வீட்டுப்பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டது. கணக்கெடுப்பாளரின் கையில் தாளுக்குப் பதில் கைபேசி. வீட்டுப்பட்டியல் தொகுதிகளை வரைபடத்திலேயே வரைந்துகொள்ள அலுவலர்களுக்கு ஓர் இணையச் செயலி. நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-இல் இருந்தபடி உறைய வைக்கப்பட்டன. முதல்முறையாக, தொகுதியின் எல்லை பிறக்கும்போதே எண்ணிம வடிவில் பிறக்கிறது. அச்சுப் படத்தை மீண்டும் வரைய வேண்டிய பல்லாண்டு உழைப்பு தேவையற்றதாகிவிடக்கூடும், அந்த எல்லைகள் எண்களோடு சேர்ந்து வெளியே வந்தால்.

வீடு வீடாகப் புள்ளி வெளியாக வேண்டாம், வெளியாகவும் கூடாது. சில குடும்பங்களே உள்ள சிற்றூரில் சாதி, வயது, கல்வி என்று மூன்று பத்திகளைச் சேர்த்தால் ஆளை அடையாளம் காட்டிவிடும். அதனால்தான் குக்கிராமத்துக்கு மக்கள்தொகை, வீடுகள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்ற மூன்று எண்களும், ஒரு குறியெண்ணும், ஓர் எல்லைக்கோடும் போதும் என்கிறேன். அவை கிடைத்தால் பெரியூருக்கு ஒரு வரி, பால்சிலம்புக்கு ஒரு வரி, சின்னாங்காட்டுக்கு ஒரு வரி. ஏற்ற வேண்டிய நிரல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.